வீட்டுக் கணினி தானாக அணைந்துபோவது தொடர்பாக

வைதேஹியின் வீட்டில் எந்தச் சாமானும் சும்மா கெட்டுப்போனதாகச் சரித்திரம் கிடையாது. கோப்பு எண்ணோடுதான் கெட்டுப்போகும். அவள் புருஷன் கிருஷ்ணபிரசாத் ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். இருபத்தாறு வருஷமாகக் காகிதத்தையே பார்த்துப் பார்த்து, காகிதத்தில் ஏறாத எதையும் நம்ப முடியாத மனுஷராகிவிட்டார். டெல்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் குழாய் ஒழுகினால் ஒரு கோப்பு, வெந்நீர் கெய்சர் சுடாவிட்டால் ஒரு கோப்பு. பெண் ஜ்யோத்ஸ்னா புனேவில் காலேஜ் சேர்ந்தபோது போட்ட கோப்பு இரண்டு பாகம் வந்தது. பச்சைத் தாளில் ஓரம் விட்டு, பத்திக்குப் பத்தி எண் போட்டு 'நோட்டிங்' எழுதி, கீழே கையெழுத்தும் தேதியும் போட்டால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

அவரை ஒரேயடியாகக் கேலி செய்யவும் முடியாது. அந்தப் பச்சைத் தாள் ஆபீஸ் தாள் இல்லை, சரோஜினி நகர் கடையில் சொந்தமாக வாங்கியது. ஆபீஸ் குண்டூசி ஒன்றுகூட அந்த வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. தப்பித் தவறிச் சட்டைப் பையில் வந்துவிட்ட ஆபீஸ் பேனாவை ராத்திரி முழுக்க வாசல் அலமாரியில் தனியாக வைத்திருந்து, காலையில் திருப்பிக் கொண்டுபோன ஆசாமி அவர். வீட்டில் இருந்து வேலை பார்க்க ஆபீசில் கொடுத்திருந்த லேப்டாப் ஹால் ஆணியில் பையோடு தொங்கும். ஜ்யோத்ஸ்னா ஒருமுறை அதில் ரயில் டிக்கெட் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "சர்க்கார் சொத்து" என்று சொல்லிவிட்டு அவர் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். அதற்கப்புறம் யாரும் கேட்டதில்லை.

அந்த வீட்டில் எல்லாம் அவர் பேரில்தான். வாசல் பலகையில் கே. கிருஷ்ணபிரசாத். காஸ் புத்தகத்தில் கிருஷ்ணபிரசாத். மேசைக் கணினியைப் போட்டால் திரையில் முதலில் வருவதும் பிரசாத் என்ற பெயர்தான். வீட்டிலுள்ள எல்லாக் கடவுச்சொல்லும், வைதேஹியின் மெயில் கடவுச்சொல் உட்பட, அவர் கையெழுத்தில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். அவர் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. வைதேஹியும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை, இந்த வருஷம் ஆகஸ்ட் வரைக்கும்.

ஆகஸ்டில் பெண் ஹாஸ்டலுக்குப் போனாள். வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. அப்போதுதான் வைதேஹி ஒரு விளம்பரத்தைப் பார்த்தாள். ஹிந்தித் தொடர்களுக்குத் தமிழில் அடிவரி, அதாவது சப்டைட்டில், எழுதும் ஒரு மும்பைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்ய ஆள் வேண்டுமாம். இருபத்திரண்டு வருஷம் டெல்லியில் காய்கறிக்காரனோடும் கரண்ட் ஆபீஸோடும் மல்லுக்கட்டி வளர்த்த ஹிந்தி அவளுடையது. தமிழோ கும்பகோணத்தில் பி.ஏ. வரை படித்தது. ஹிந்தியில் மாமியார் என்ன திட்டு திட்டினாலும் அதைத் தமிழில் இரண்டே வரியில் நறுக்கென்று எழுத அவளால் முடியும். யாரிடமும் சொல்லாமல் மனுப் போட்டாள். பதிலும் வந்துவிட்டது. விஜயதசமி கழிந்து பத்தாம் நாள், ஞாயிறு காலை பதினொரு மணிக்கு ஆன்லைன் தேர்வு. ஒன்றரை மணி நேரம், கேமரா முன்னால், சொந்தக் கணினியில். கடைசி வரி மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது: இடையில் இணைப்பு அறுந்தால் தேர்வு ரத்து, மறுவாய்ப்புக் கிடையாது.

புருஷனிடம் சொன்னபோது அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சந்தோஷம் வந்தால் அவர் ஏதாவது ஏற்பாடு பண்ணிவிடுவார், அதுதான் அவரிடம் உள்ள வியாதி.

"இந்தக் கணினியில பழைய விண்டோஸுக்கு அக்டோபரோட ஆதரவு நிறுத்தறாளாம். புதுசு இந்தப் பெட்டியில ஏறாது. நடுவுல மக்கர் பண்ணித்துன்னா? எங்க ஆபீஸ் அச்சுதன் விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போடச் சொல்றான். சும்மா பறக்குமாம். விஜயதசமியன்னிக்கே ஆரம்பிச்சுடலாம், நல்ல நாள்" என்றார்.

நல்ல நாளுக்கு முதல் நாள் சரஸ்வதி பூஜை. அன்றைக்குப் படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, ஆயுதத்தைத் தொடக் கூடாது. அவர்கள் வீட்டு ஆயுதம் என்ன பெரிசு? ஓர் அரிவாள்மணை, ஒரு தையல் மிஷின், ஸ்க்ரூடிரைவர் டப்பா, அப்புறம் அந்தக் கணினி. வைதேஹி சந்தனக் கட்டையைக் கல்லில் இழைத்து, பன்னீர் விட்டுக் குழைத்து, எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். பொட்டு வைப்பதில் அவளுக்குக் கஞ்சத்தனமே கிடையாது. சிபியு பெட்டியின் நெற்றி நடுவில் வட்டமாக ஒரு பட்டன் இருந்தது. பொட்டு வைக்க அதைவிட லட்சணமான இடம் எங்கே கிடைக்கும்? தளதளவென்று ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினாள்.

மறுநாள் காலையில் கிருஷ்ணபிரசாத் பென் டிரைவோடு உட்கார்ந்தபோது அவள் சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஏன்னா, பொட்டை அழிச்சுடாதேங்கோ. ஸ்வாமிக்கு வச்சது. தானா உதிரட்டும்."

"தெரியும், தெரியும்" என்றவர், பென்சிலைத் திருப்பிப் பிடித்துப் பட்டனின் விளிம்பில் மட்டும் பதமாக ஓர் அழுத்து அழுத்தினார். பொட்டு கலையவில்லை. கணினி எழுந்தது.

லினக்ஸ் அழகாகத்தான் ஏறிக்கொண்டிருந்தது. அவர் பொறுமையில்லாமல் மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருக்க, அறுபது சதவீதம் வந்ததும் திரை கறுத்தது. அவர் மறுபடி ஆரம்பித்தார். எண்பதில் மறுபடி போயிற்று. சாயங்காலம் பக்கத்து மைதானத்தில் ராவணன் பொம்மை வெடித்து எரிந்துகொண்டிருந்த நேரத்தில், நான்காவது தடவையாக, ஒருவழியாக முழுசாக ஏறி உட்கார்ந்தது. "பாத்தியா!" என்று அவர் கைதட்டினார். வெளியே கூட்டமும் கைதட்டியது. அவர் அதைத் தனக்கென்றே எடுத்துக்கொண்டார்.

மறுநாள் அவர் ஆபீஸ் போன பிறகு வைதேஹி பயிற்சிக்கு உட்கார்ந்தாள். ஒரு ஹிந்திக் காட்சியை ஓடவிட்டுத் தமிழில் தட்ட ஆரம்பித்தாள். பத்து நிமிஷம் ஆகியிருக்காது. கணினி ஒழுங்காக எல்லா ஜன்னலையும் மூடி, விடைபெற்றுக்கொண்டு, அணைந்துபோனது. அவர் செய்ததுபோலவே பென்சிலால் ஓரத்தில் அழுத்திப் போட்டாள். கால் மணி நேரத்தில் மறுபடி அணைந்தது.

சாயங்காலமே கோப்பு திறந்தாயிற்று. பொருள்: வீட்டுக் கணினி தானாக அணைந்துபோவது தொடர்பாக.

அப்புறம் நடந்த கூத்தை என்னவென்று சொல்வது! தினமும் ஆறரை மணிக்கு அச்சுதன் போனில் வருவான். அவன் அமைச்சகத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறவன், பாலக்காட்டுக்காரன், லினக்ஸைக் குலதெய்வமாகக் கும்பிடுகிறவன். மெமரியைக் கழற்றி ரப்பரால் தேய்க்கச் சொன்னான். கிருஷ்ணபிரசாத் தேய்த்தார். மின்விசிறித் தூசியை ஊதச் சொன்னான். அவர் ஊதி, ஒரு மணி நேரம் தும்மினார். வேறு கெர்னல், அதாவது லினக்ஸின் அடிமூளை, போடச் சொன்னான், வேறு பென் டிரைவில் ஏற்றச் சொன்னான். எல்லாம் பத்தி எண்ணோடு பச்சைத் தாளில் ஏறின. கணினி மட்டும் திருந்தவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் எதிரே சும்மா உட்கார்ந்தால் அது அணைவதே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் முறைத்துப் பார்ப்பார். அது பதிவிரதை மாதிரி விழித்துக்கொண்டிருக்கும். "இப்ப நீ உக்காரு" என்பார். வைதேஹி உட்கார்ந்து நாலு பத்தி தட்டுவாள். போய்விடும்.

"உன் கைராசியோ என்னமோ" என்று அவர் தெரியாத்தனமாக ஒருநாள் சொல்லிவிட்டார்.

வைதேஹிக்குச் சுர்ரென்று ஏறியது. "என் கைராசியா? ஒன்பது வருஷமா இதே கையால தட்டினேனே, அப்ப அணைஞ்சுதா? நன்னா இருந்த பெட்டியில எதையோ கொண்டுவந்து ஏத்திட்டு, இப்ப என் கையைச் சொல்றேளா? உங்க லினக்ஸ்தான்னா காரணம். அதைப் போட்ட அன்னிலேர்ந்துதானே இந்த லூட்டி!"

அன்றிலிருந்துதான் என்பது கோப்பிலேயே அவர் கையால் எழுதியிருந்தது. மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு பால்கனியில் போய் நின்றார். அவளுக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் பாவம் பறந்துபோய்க் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. நாற்பத்தாறு வயதில், முதல் தடவையாக, யாரோ ஒருவர் அவள் பெயரைப் போட்டு அவளை மட்டும் அழைத்து ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். அது இந்தப் பெட்டியின் கையில் போய் மாட்டிக்கொண்டதே என்று அவளுக்கு அழுகையாக வந்தது.

வியாழக்கிழமை அச்சுதன் ஒரு புது யோசனை சொன்னான்.

"சார், அது மயங்கி விழலை. ஒழுங்கா எல்லாத்தையும் மூடிட்டுப் போறது. அப்படின்னா யாரோ அதைப் போகச் சொல்லியிருக்கா. லினக்ஸ் எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கும். நான் சொல்ற கட்டளையை அடிங்கோ."

கிருஷ்ணபிரசாத் அடித்தார். கணினி தன் பதிவேட்டைத் திறந்து காட்டியது. ஒவ்வொரு வரிக்கும் தேதி, மணி, நிமிஷம், நொடி. அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"வைதேஹி, இங்க வாயேன்! இதுவும் நோட்டிங் போடறது!"

இத்தனை நாள் அவர் படிக்கக் காத்திருந்த பதிவேடு அதுதான் போலிருக்கிறது. ஆனால் அதில் எழுதியிருந்ததைப் படித்ததும் சிரிப்பு நின்றது. ஒவ்வொரு தடவை அணைவதற்கு முன்னாலும் ஒரே வரிதான் இருந்தது: 'பவர் பட்டன் அழுத்தப்பட்டது. கணினி நிறுத்தப்படுகிறது.' வெள்ளி பத்து நாற்பத்தொன்று. திங்கள் பன்னிரண்டு பதினேழு. பகலில் வந்தவையெல்லாம் அவர் ஆபீஸில் இருந்த நேரம். வீட்டில் வைதேஹி மட்டும் இருந்த நேரம். சாயங்காலத்தில் வந்தவற்றிலும் கணினி எதிரே அவள்தான்.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். இருபத்தாறு வருஷப் பழக்கம், சும்மா விடுமா? அன்று ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பச்சைத் தாள் வந்தது. 'மேற்கண்ட நேரங்களில் பவர் பட்டன் அழுத்தப்பட்டது குறித்துத் திருமதி வைதேஹியின் விளக்கம் கோரப்படுகிறது.'

அவள் பேனாவை வாங்கி அதன் கீழேயே எழுதினாள். 'பத்தி 1. நான் அழுத்தவில்லை. பத்தி 2. இன்றைக்குச் சாம்பார் இல்லை. பத்தி 3. நாளைக்கும் இல்லை.' கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டாள்.

சனிக்கிழமை அச்சுதன் தன் கடைசி அஸ்திரத்தை எடுத்தான். பட்டனை யார் அழுத்தினாலும் கண்டுகொள்ளாதே என்று லினக்ஸுக்குச் சொல்லிவிடலாமாம். சொன்னார்கள். வைதேஹி தட்டினாள். அரை மணி நேரம் ஓடியது. முக்கால் மணி நேரம் ஓடியது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்த நேரத்தில், டப்பென்று, விடைகூடப் பெற்றுக்கொள்ளாமல், அடியோடு அணைந்தது. முன்பாவது மரியாதையாகப் போய்க்கொண்டிருந்தது. இப்போது அதுவும் இல்லை.

"பட்டனை நாலஞ்சு நொடி அழுத்திண்டே இருந்தா யார் சொன்னாலும் அது கேக்காது சார், மின்சாரத்தையே வெட்டிடும்" என்றான் அச்சுதன், குரல் கம்மி. "ஆனா யார் அழுத்தறா? உங்காத்துல பேய் பிசாசு ஏதாவது..."

வைதேஹி போனை வாங்கி வைத்துவிட்டாள். புனேவிலிருந்து பெண் கூப்பிட்டு, "அம்மா, டென்ஷன் மத் லோ, சப் டீக் ஹோ ஜாயேகா" என்றாள். எல்லாம் சரியாகிவிடுமாம். எப்படி என்று மட்டும் அவளும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வைதேஹி தலைக்குக் குளித்துவிட்டு ஹாலுக்கு வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சாப்பாட்டு மேசை துடைத்துச் சுத்தமாக இருந்தது. அதன் நடுவில் ஆபீஸ் லேப்டாப் திறந்து வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு பேனா. ஆணியில் பை காலியாகத் தொங்கியது.

"இதுல எழுது" என்றார் கிருஷ்ணபிரசாத். அவர் அவளைப் பார்க்காமல் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு தாள் இருந்தது.

"என்னன்னா இது?"

"சொந்த உபயோகத்துக்கு எடுத்தேன்னு நாளைக்கு ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துடறேன். கடிதம் ரெடி. அவா என்ன சொன்னாலும் சரி. ஒரு தரம்தானே. நான் ஏத்தினதாலதானே உனக்கு இந்த அவஸ்தை."

ஒரு ஆபீஸ் பேனாவை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்க முடியாத மனுஷர். இருபத்தாறு வருஷம் ஒரு குண்டூசி அளவுக்கும் இடம் கொடுக்காதவர். அவளுக்காக அதை உடைத்துப் போடக் காலையிலேயே எழுந்து மேசை துடைத்திருக்கிறார். இத்தனை நாள் அவரை லினக்ஸ் லினக்ஸ் என்று இடித்துக்காட்டியது அவளுக்கு இப்போது நெஞ்சில் குத்தியது.

"வேண்டாம்னா" என்றாள். "எனக்காக நீங்க இதைப் பண்ணவேண்டாம். மூடுங்கோ."

"நீ சும்மா இரு. உக்காரு."

"மாட்டேன். அப்பறம் நீங்க ஒரு மாசம் தூங்கமாட்டேள். எனக்குத் தெரியாதா?"

இந்த நேரத்தில்தான் முத்துமாரி வந்தாள். அவள் அந்த வீட்டிலும் அந்த வரிசையில் இன்னும் மூன்று வீட்டிலும் பெருக்கித் துடைக்கிறவள். விழுப்புரம் பக்கம். வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிடச் சுத்தம். துடைப்பத்தோடு உள்ளே நுழைந்தவளைப் பார்த்ததும் கிருஷ்ணபிரசாத்துக்கு விசாரணையில் விடுபட்டுப்போன ஒரு சாட்சி கண்ணில் பட்டது.

"முத்துமாரி, தப்பா நினைச்சுக்காதே. கணினி மேசையைத் துடைக்கறச்சே உன் கை அந்தப் பட்டன்ல பட்டுதா? தெரியாமத்தான், பட்டிருக்கலாம்னு..."

முத்துமாரி துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"அரே சார்! நானா? சாமிக்கு வச்ச பொட்டுல நான் கை வப்பேனா? நீங்களே வந்து பாருங்க சார். அக்கா, நீயும் வா. பொட்டு வச்சது வச்ச மாதிரி முழுசா இருக்குதா இல்லையா? ஒரு விரலு பட்டிருந்தா குங்குமம் கலைஞ்சிருக்காது? பத்து நாளா அந்தப் பொட்டைச் சுத்திச் சுத்தித்தான் நான் துடைக்கிறேன். பக்கா! இந்த வீட்டுல ஒருத்தரும் அந்தப் பட்டனைத் தொடல. தொட்டிருந்தா பொட்டு சொல்லிடும்!"

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். வாஸ்தவம்தான். பொட்டு முழு நிலா மாதிரி இருந்தது. நடுவில் குங்குமம்கூடச் சிந்தவில்லை.

"அதானே" என்றார் கிருஷ்ணபிரசாத் மெதுவாக. "யாருமே தொடலை. ஆனா அழுத்தினதாப் பதிவாகியிருக்கு. பட்டன்மேல இருந்தது..."

அவர் முடிக்கவில்லை. வைதேஹியின் கை தானாக வாய்க்குப் போயிற்று. பட்டன்மேல் இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

அவள் குனிந்து, கண்ணைக் கிட்டே வைத்துப் பார்த்தாள். பொட்டின் அடியிலிருந்து சந்தனம் வழிந்து, பட்டனுக்கும் பெட்டிக்கும் நடுவிலிருந்த சின்னச் சந்தில் இறங்கி, சிமெண்டு பூசினதுபோல் இறுகியிருந்தது. பென்சிலால் ஓரத்தில் அழுத்தி அழுத்திப் பட்டன் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாதி உள்ளே போய், அந்தச் சந்தனத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. அவள் விரலால் மேசையைத் தட்டினாள். பட்டன் நடுங்கியது. சிபியு அதே மேசைமேல்தான் இருந்தது. மேசைக்கோ ஒரு கால் ஆட்டம். அவள் வேகமாகத் தட்டும்போதெல்லாம் மேசை ஆடி, சாய்ந்த பட்டன் இன்னும் ஒரு மயிரிழை உள்ளே போய், தன்னைத்தானே அழுத்திக்கொண்டிருக்கிறது! அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது ஏன் அணையப் போகிறது?

"ஐயையோ" என்றாள் வைதேஹி. "நான்தான்! என் சந்தனம்தான்!"

கிருஷ்ணபிரசாத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தோள் குலுங்கிற்று. அப்புறம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வைதேஹிக்கும் தொற்றிக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "ராவணன் எரிஞ்ச அன்னிக்கே இதையும் கொளுத்தியிருக்கணும்" என்றவள், சிரித்த வாயோடு மணியைப் பார்த்தாள். ஒன்பதரை. சிரிப்பு நின்றது.

"ஜல்தி பண்ணுக்கா" என்றாள் முத்துமாரி.

வைதேஹி கன்னத்தில் போட்டுக்கொண்டு, "தாயே, மன்னிச்சுக்கோ" என்று பொட்டை ஈரத்துணியால் துடைத்தெடுத்தாள். மாங்கல்யச் சரட்டில் கோத்திருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றினாள். அவர் பிளக்கைப் பிடுங்கினார். முத்துமாரி மொபைல் வெளிச்சம் அடித்தாள். சந்தைச் சுற்றி ஊக்கு முனையால் சுரண்டச் சுரண்டச் சந்தனம் பொடிப் பொடியாக உதிர்ந்தது, அறை முழுக்கக் கோயில் வாசனை. கடைசித் துணுக்கு வந்ததும் பட்டன் டக்கென்று நிமிர்ந்து நின்றது.

"இப்ப முழு விரலால அழுத்து" என்றார்.

அழுத்தினாள். எழுந்தது. உட்கார்ந்து, மனசில் வந்ததையெல்லாம், ஜனக்புரியிலிருக்கும் நாத்தனார் மேல் உள்ள மனத்தாங்கல் உட்பட, மேசை கடகடவென்று ஆட ஆட நாற்பது நிமிஷம் தட்டினாள். கணினி அசையவே இல்லை. கிருஷ்ணபிரசாத் பழைய பேப்பரை மடித்து ஆட்டம் போட்ட காலுக்கு அடியில் செருகினார். பிறகு ஆபீஸ் லேப்டாப்பை மூடிப் பையில் வைத்து ஆணியில் மாட்டினார். கடிதத்தைக் கிழித்து நாலாக்கினார். அவர் முகத்தில் பத்து வயசு குறைந்துபோனதை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

பதினொரு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒன்றரை மணி நேரம். திரையில் ஒரு ஹிந்தி மாமியார் கத்தினாள், மருமகள் அழுதாள், மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். வைதேஹியின் விரல் ஓடிக்கொண்டே இருந்தது. முதல் பத்து நிமிஷம் ஒரு கண் பட்டன்மேலேயே இருந்தது. அப்புறம் பட்டன் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. நீளமான வசனத்தை இரண்டு வரியில் மடக்கிப் போட்டபோது அவளுக்கே அவள்மேல் ஒரு பெருமை பொங்கியது. வெளியே கிருஷ்ணபிரசாத் வாசலில் காவல் நின்றார். உருளைக்கிழங்கு விற்றுக்கொண்டு வந்தவனிடம், "பையா, தீரே, அந்தர் எக்ஸாம் சல் ரஹா ஹை" என்று மெதுவாகக் கூவச் சொல்லிக் கெஞ்சினார். உள்ளே பரீட்சை நடப்பதாகக் கேட்டதும், எத்தனாம் கிளாஸ் குழந்தை என்று அவன் விசாரித்தான்.

பன்னிரண்டரைக்கு அவள் கதவைத் திறந்தாள். இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக் காட்டினாள்.

சாயங்காலம் அவளே கோப்பை எடுத்தாள். 'பத்தி 31. பட்டனை அழுத்தியது சந்தனம். சந்தனத்தை வைத்தது நான். லினக்ஸ் நிரபராதி. அதையும் அதை ஏற்றியவரையும் பத்து நாள் திட்டியதற்கு வருந்துகிறேன்.' அவர் படித்துவிட்டு அடுத்த பத்தியை எழுதினார். 'பத்தி 32. பென்சிலால் ஓரத்தில் அழுத்தியது நான். குற்றம் இருவருடையது. முத்துமாரியைச் சந்தேகித்தது தவறு. அவருடைய நுண்ணறிவுக்குப் பாராட்டுத் தெரிவிக்கப்படுகிறது.' மறுநாள் அதை முத்துமாரிக்கு உரக்கப் படித்தும் காட்டினார். "காயிதம் நீங்களே வச்சுக்குங்க சார். தீவாளிக்கு ரெண்டு நாள் லீவு கொடுங்க" என்றாள் அவள். உத்தரவு அங்கேயே வழங்கப்பட்டது.

தீபாவளிக்கு முன்தினம் மும்பையிலிருந்து மெயில் வந்தது. அடுத்த மாதத்திலிருந்து வேலை. முதலில் ஜ்யோத்ஸ்னாவிடம் சொல்லி, அவள் போனில் போட்ட கூச்சலைக் கேட்டு, வைதேஹி இரண்டு தடவை அழுதாள், மூன்று தடவை சிரித்தாள். கிருஷ்ணபிரசாத் ஜிலேபி வாங்கப் போகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கிளம்புவதற்கு முன்னால் கணினியில் ஏதோ நோண்டிக்கொண்டிருந்தார். கோப்பு மேசைமேல் திறந்தே இருந்தது. அவள் குனிந்து படித்தாள்.

'பத்தி 33. திருமதி வைதேஹி தேர்ச்சி பெற்று வேலையில் அமர்ந்தது பதிவு செய்யப்படுகிறது. பத்தி 34. இந்தக் கணினி இன்று முதல் அவருடைய பொறுப்பில் விடப்படுகிறது. பத்தி 35. கோப்பு முடிக்கப்படுகிறது.' கையெழுத்து. தேதி. அதன் கீழே, பத்தி எண் இல்லாமல், ஓரம் விடாமல், இன்னும் ஒரு வரி: 'கடவுச்சொல்லை நீயே வச்சுக்கோ. எனக்குச் சொல்லவேண்டாம்.'

வைதேஹி பட்டனை அழுத்தினாள், நட்ட நடுவில், முழு விரலால். திரை விழித்தது. பிரசாத் என்ற பெயர் இருந்த இடத்தில், அழகான தமிழில், வைதேஹி என்று இருந்தது. அவள் பெயரைத் தாங்கிய முதல் பலகை அந்த வீட்டில் அதுதான். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சுற்றுமுற்றும் ஒருதரம் பார்த்துவிட்டு, தனக்குள் சிரித்துக்கொண்டே, ஒரு சொல்லைத் தட்டினாள். என்ன சொல் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. நமக்கும் தெரியாது.